வயலுக்குத் தரம் போட்டவர்கள்

இந்தப் பெரும்போகத்துக்கும் மேடு, பள்ளம் பார்க்காமல் எல்லாக் காணிக்கும் ஒரே கணக்கில் பசளை எறியத்தான் நாம் ஆயத்தமாகிறோம். அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

வெள்ளைக்காரர் காலத்தில் நெல்வரி இருந்தது. பொதுவாக விளைச்சலில் பத்தில் ஒன்று. குத்தகைக்காரர் அதை நெல்லாகவே எடுத்தார்; அவருடைய அட்டகாசம் தனிக்கதை. 1878ஆம் ஆண்டுச் சட்டம் வரியைக் காசாக்கியது. ஆணையாளர்கள் வயல் வயலாக விளைச்சலை மதிப்பிட்டு, பல வருடங்களுக்கு ஒரே தொகையைப் பதிந்தார்கள். மண்ணின் தரம் காகிதத்தில் ஏறியது இப்படித்தான், வரிக்காக. மழை பொய்த்த வருடத்திலும் பதிந்த காசைக் கட்ட வேண்டும். நுவரெலியாவில் கட்ட முடியாதவர்களின் வயல்கள் ஏலம் போயின. வயலிழந்த சனங்கள் பட்டினியில் செத்ததை அங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியரே வெளியில் சொன்னார். 1892இல், ஆளுநர் ஹெவ்லொக் காலத்தில் வரி ஒழிந்தது.

பயிருக்காக மண்ணைப் பார்த்தது பிந்தித்தான். 1961இல் மூர்மனும் பானபொக்கவும் நாட்டின் மண்களை வகைப்படுத்தினார்கள். நமது அம்பாறை, மட்டக்களப்புப் பக்கத்து மேட்டில் சுண்ணமற்ற கபில மண் அதிகம். மணல் கூடியது, பசளையைப் பிடித்து வைக்காது. ஒரேயடியாக எறிந்தால் தண்ணீரோடு போய்விடும். பள்ளத்து மண் வேறு. நம் மூத்தவர்கள் மேட்டுக்காணி, பள்ளக்காணி என்று பிரித்துப் பேசியதும் இதே கணக்குத்தான்.

விதைப்புக்கு முன் இரண்டிலும் தனித்தனியாக மண் எடுத்து, விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிக் கேட்போம்.