செப்புப் பலகைக்கு ஏற்ற மார்க்கர் பேனை எது?

வீட்டில் மின்சுற்றுப் பலகை செய்யும் முறை எளிமையானது. செப்பு பூசிய பலகையில் மின்தடங்களைப் பேனையால் வரைந்து, ஃபெரிக் குளோரைட்டுக் கரைசலில் இட்டால் மை படாத செப்பு கரைந்துவிடும். மையின் கீழுள்ள செப்பு தடமாக எஞ்சும். எல்லாம் அந்த மையைப் பொறுத்தது. மை ஓரிடத்தில் கழன்றாலும் தடம் அறுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த அறுவை, பாகங்களை எல்லாம் ஈயம் வைத்துப் பொருத்திய பிறகுதான் தன்னைக் காட்டும்.

பேனையின் மேல் 'பெர்மனன்ட்' என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. அது நீரில் கரையாது என்பதற்கான உறுதிதானே தவிர, அமிலக் கரைசலில் செப்பை விட்டுக் கழலாது என்பதற்கானதல்ல. இத்தகைய மையில் சாயமும் பிசினும் அற்ககோலில் கரைந்திருக்கின்றன. அற்ககோல் ஆவியானதும் பிசின் மெல்லிய படலமாகப் படிகிறது. செப்பைக் காப்பது அந்தப் படலம், நிறமல்ல. கறுப்பே சிறந்தது என்று பலர் சொல்வதுண்டு. நான் படலத்தின் தடிப்பைத்தான் பார்ப்பேன்.

எளிதாகக் கிடைப்பது சார்ப்பி. 1964இல் அமெரிக்காவில் வெளிவந்த இப்பேனை, இங்கே பார்க்டேலில் மூலைக்கடையில்கூட உண்டு. அதன் மை மெல்லியது. ஒரு பூச்சு போதாது. ஜெர்மனியின் ஸ்டெட்லர் நிறுவனத்தின் லூமோகலர், முன்பு ஆசிரியர்கள் ஓவர்ஹெட் புரொஜெக்டர் தாள்களில் எழுதப் பயன்படுத்தியது. 318 என்ற எண்ணுள்ளது ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர் கோடு தரும். 313 அதைவிட மெல்லியது. பொழுதுபோக்கு மின்னணுவியலார் பலருக்கு இது நெடுநாள் துணை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நீரில் கரையும் லூமோகலரும் ஏறத்தாழ இதே தோற்றத்தில் விற்கப்படுகிறது. எண்ணெய் அடிப்படையிலான வர்ணப் பேனைகள் மிகத் தடித்த படலம் தரும். ஆனால் காய நேரமெடுக்கும், கோடும் பருமனாகும். அகன்ற தரைத்தடங்களுக்கு அவற்றையே விரும்புவேன். பிரித்தானியப் பொழுதுபோக்குச் சஞ்சிகைகளில் அடிக்கடி பேசப்பட்ட டாலோ 33, இதற்கென்றே செய்யப்பட்ட பேனை. நுனியை அழுத்தினால்தான் மை இறங்கும்.

பெயரை நம்புவதைவிடச் சோதிப்பது மேல். கழிவுப் பலகையில் இரண்டு சென்றிமீற்றர் துண்டு போதும். கையிலுள்ள ஒவ்வொரு பேனையாலும் ஒற்றைப் பூச்சாக ஒரு கோடும், காய்ந்தபின் இரட்டைப் பூச்சாக இன்னொன்றும் வரையுங்கள். வெறும் செப்பு முற்றாகக் கரையும்வரை கரைசலில் வைத்து எடுத்து, மையைத் துடைத்துவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசித்துளைகள் தெரிந்தால் அந்தப் பேனை கடிதம் எழுதத்தான் உதவும். கரைசலை மாற்றினால் சோதனையையும் திரும்பச் செய்ய வேண்டும். ஐதரசன் பெரொக்சைட்டும் ஐதரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலை, ஃபெரிக் குளோரைட்டில் தாக்குப்பிடித்த மை தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

நல்ல பேனையையும் அழுக்குச் செப்பு தோற்கடித்துவிடும். விரல்ரேகையின் எண்ணெய் போதும், மை பிடிக்காது. சவர்க்காரம் கலக்காத இரும்புக் கம்பளியால் தேய்த்து, ஐசோபுரொப்பில் அற்ககோலால் துடைத்து, பிறகு ஓரங்களைப் பிடித்தே தூக்குங்கள். இரண்டாம் பூச்சில் பேனையை முன்னும் பின்னும் இழுக்கக்கூடாது. புதிய மையின் அற்ககோல் கீழ்ப்படலத்தையே கரைத்து வாரிவிடும். ஒரே திசையில், ஒரே இழுப்பு. செப்பு கீழ்ப்பக்கம் இருப்பதால் படம் கண்ணாடி பிம்பமாக இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரொறன்ரோக் குளிர்காலத்துக்கு ஒரு குறிப்பு. வழக்கமான செப்பின் தடிப்பு 35 மைக்ரோமீற்றர். குளிர்ந்த கரைசல் அதைக் கரைக்க மிக நேரமெடுக்கும்; நேரம் நீள நீள மை ஊறிக் கழலும், ஓரத்தால் செப்பும் அரிபடும். பிளாஸ்ரிக் தட்டை வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்து 40 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருந்து, மெல்ல ஆட்டிக்கொண்டிருங்கள். யன்னலைத் திறக்கத்தான் வேண்டும், குளிர்ந்தாலும்.

முன்பு இங்கிருந்து 501 ட்ராம் ஏறினால் குயின் வீதியில் அக்டிவ் சர்ப்ளஸ் வரும். வாசலில் ஒரு கொரில்லா பொம்மை நிற்கும். உள்ளே குப்பைபோலக் குவிந்த பாகங்கள். அக்கடை இப்போது இல்லை. 2008இல் கென்சிங்டன் சந்தைப் பகுதியில் தொடங்கிய ஹாக்லாப் என்ற கூட்டுப் பட்டறை, பின்னர் குயின் மேற்கு 1266ஆம் இலக்கத்துக்கு, எங்கள் பார்க்டேலுக்கே வந்தது. இன்று கோப்பை அனுப்பினால் சீனாவிலிருந்து சில டொலருக்குப் பலகை வருகிறது. நெருக்கமான கால்களுள்ள சில்லுகளுக்கு அதுவே சரி, பேனை உதவாது. இரண்டு ட்ரான்சிஸ்டரும் நாலு தடையும் கொண்ட சுற்றுக்கு ஏன் வாரக்கணக்கில் காத்திருப்பான்?

கழிவுதான் பெரிய விடயம். வாடகை வீட்டுச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் துருப்பிடிக்காத எஃகும் அரிபடும், கறை போகாது. கரைசலில் உள்ள செப்பு மீன்களுக்கு நஞ்சு. பார்க்டேலின் தெற்கெல்லையோ ஒன்ராறியோ ஏரி. பாவித்த கரைசல் கடுந்தேநீர் போலிருப்பதால் குடிபானப் போத்தலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். உலோகமல்லாத மூடியுள்ள பிளாஸ்ரிக் கொள்கலனில், பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, வீட்டு அபாயக் கழிவுகளை ஏற்கும் மாநகர நிலையத்தில் கொடுங்கள். பெயரை எழுத, சோதனையில் தோற்ற பேனை போதும்.