தண்டவாளத்தை விட்டு எழும்பிய ரயில்

பள்ளி நாட்களில் ‘பேக் டு தி ஃபியூச்சர்’ மூன்றாம் பாகத்தைப் பார்த்தபோது, கடைசியில் வந்து நிற்கும் அந்த நீராவி ரயில் எனக்குச் சும்மா ஒரு வேடிக்கையாகத்தான் தெரிந்தது. டெலோரியன் கார் நொறுங்கிப்போச்சு, அதுக்குப் பதிலா ஒரு ரயில், அவ்வளவுதானே என்று நினைத்தேன். இப்போது மறுபடி பார்க்கையில், மூன்று படங்களிலும் வரலாற்றுக்கு மிக நெருக்கமான வண்டி அதுதான் என்று தோன்றுகிறது.

ராபர்ட் ஸெமெக்கிஸ் இயக்கி 1990-இல் வந்த படம். கதை பெரும்பாலும் 1885-இல் நடக்கிறது. காலம் தாண்ட வேண்டுமென்றால் கார் மணிக்கு 88 மைல், அதாவது சுமார் 142 கிலோமீட்டர் வேகம் எடுக்க வேண்டும். பெட்ரோல் கிடையாது. குதிரைகளைப் பூட்டி இழுத்துப் பார்க்கிறார்கள். ம்ஹூம். கடைசியில் ஒரு ரயில் எஞ்சினைக் கடத்தி, பின்னாலிருந்து காரைத் தள்ள வைக்கிறார்கள். கொதிகலன் தாங்குமா என்பதுதான் அந்தக் காட்சியின் பதற்றமே. நீராவிக்கு அந்த வேகம் எட்டாததல்ல. 1938-இல் பிரிட்டனின் ‘மல்லார்ட்’ 126 மைலைத் தொட்டது. ஆனால் 1885-இன் எஞ்சினுக்கு அது தற்கொலை. படத்திலும் அது பள்ளத்தாக்கில் விழுந்துதான் முடிகிறது. திரையில் ஓடியதோ 1891-இல் செய்யப்பட்ட நிஜ எஞ்சின், சியரா ரயில்வேயின் 3-ஆம் எண். தான் நடித்த கதையைவிட ஆறு வயது இளையது!

பிறகு டாக் பிரவுன் தானே ஒரு ரயிலைக் கால இயந்திரமாக மாற்றுகிறார். காரின் பளபளப்பு இதில் இல்லை. குழாய், கொதிகலன், புகைபோக்கி என எல்லாம் வெளியே தெரிகிறது. சக்கரங்கள் மடங்கிக்கொள்ள, வண்டி மேலே எழும்புகிறது. அவருடைய பிள்ளைகளின் பெயர்கள் ஜூல்ஸ், வெர்ன். ஹெச். ஜி. வெல்ஸின் கால இயந்திரம் 1895-இல்தான் புத்தகமாக வந்தது. 1885-இல் இருக்கும் ஒருவருக்குக் கனவு காண வெர்ன்தான் இருந்தார்.

சரி, ரயிலுக்கும் காலத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது. அதுவரை ஒவ்வொரு ஊரும் தன் சூரியனைப் பார்த்துத் தன் மணியை வைத்துக்கொண்டது. ரயில் வந்ததும் அது சரிப்படவில்லை. 1883 நவம்பர் 18 அன்று அமெரிக்க ரயில் கம்பெனிகள் நாட்டை நேர மண்டலங்களாகப் பிரித்தன. சட்டம் வந்தது 1918-இல். அதாவது 35 வருடம், கம்பெனி சொன்னதே நேரம். நம் பக்கமும் இதே கதைதான். 1906-இல் இந்திய நேரம் வரும்வரை ரயில்கள் பெரும்பாலும் மெட்ராஸ் நேரப்படி ஓடின. பம்பாய்க்காரர் தன் ஊர் கடிகாரத்தை நம்பி ஸ்டேஷனுக்குப் போனால் அரை மணி நேரம் லேட்.

ஆக, நீராவி ரயில் நிஜமாகவே கால இயந்திரமாகத்தான் இருந்தது. ஆனால் சாவி பயணிகளிடம் இல்லை.

வெர்னும் 1880-இல் ‘நீராவி வீடு’ என்றொரு நாவல் எழுதினார். இரும்பு யானை ஒன்று நீராவியில் ஓடி, சக்கர வீடுகளை இழுத்துக்கொண்டு வட இந்தியாவைச் சுற்றுகிறது. அதற்கும் தண்டவாளம் தேவையில்லை. உள்ளே சௌகரியமாக உட்கார்ந்திருப்பவர்கள் ஐரோப்பியர்கள். வெளியே 1857-இன் எழுச்சி ஒடுக்கப்பட்ட மண். அவர்களில் ஒருவர் நானா சாஹிபைப் பழிவாங்கக் காத்திருப்பவர்.

இரண்டு வண்டிகளும் ஒரே ஆசையில் பிறந்தவை: நீராவியின் பலம் வேணும், தண்டவாளத்தின் கட்டுப்பாடு வேண்டாம். எதிர்காலம் உங்கள் கையில் என்கிற மாதிரி சொல்லிவிட்டு டாக் பறந்துபோகும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கத்தான் செய்கிறது. கூடவே, அந்த வண்டியில் ஏற யாருக்கெல்லாம் இடம் கிடைத்தது என்ற கேள்வியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.