வெளியேற வேண்டியவர் யார்? குடும்ப வன்முறையும் குடியிருக்கும் உரிமையும்

குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்ணுக்கு ஊரும் உறவும் முதலில் சொல்லும் யோசனை, தாய்வீட்டுக்குப் போய்விடு என்பதே. அடித்தவன் வீட்டிலிருக்க, அடிபட்டவள் குழந்தைகளுடன் வெளியேறுவது இயல்பாகக் கருதப்படுகிறது. சாதி மறுப்புத் திருமணம் செய்த தலித் பெண்ணை வெளியேற்றுவது இன்னும் எளிது. அவள் அவ்வீட்டுக்கு உரியவளே அல்லள் என்பது புகுந்த வீட்டாரின் வாதமாகிறது.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 இதை ஏற்பதில்லை. வீட்டின் மீது சொத்துரிமை இல்லாவிடினும் பெண்ணுக்கு அங்கே வசிக்கும் உரிமை உண்டு என்கிறது 17ஆம் பிரிவு. வாடகை வீட்டுக்கும் இது பொருந்தும்.

மாமியார் பெயரிலுள்ள வீட்டில் மருமகள் இவ்வுரிமையைக் கோர முடியாதென 2006இல் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2020இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறென்று அறிவித்தது. உண்மையில் அவ்வீட்டில் வசித்திராத பெண்ணுக்கும் இவ்வுரிமை உண்டென 2022இல் பிரபா தியாகி வழக்கில் தீர்ப்பானது. வாசற்படி ஏறவே விடப்படாத மருமகளுக்கு இத்தீர்ப்பு முக்கியமானது.

19ஆம் பிரிவின்கீழ் நடுவர் மன்றம் வன்முறையாளனை வீட்டைவிட்டு வெளியேற உத்தரவிடலாம். பெண்களை அவ்வாறு வெளியேற்ற இயலாது. எனினும் மாமியார் உள்ளிட்ட உறவினர் அவள் வசிக்கும் பகுதிக்குள் நுழையத் தடை விதிக்கலாம். பாதுகாப்பு அளிக்குமாறு காவல் நிலைய அதிகாரிக்கும் ஆணையிடலாம். அவசர நிலையில், எதிர்த்தரப்பை விசாரிக்கும் முன்பே 23ஆம் பிரிவின்கீழ் இடைக்கால ஆணை பெறலாம்.

வசிப்பிட ஆணையோடு 18ஆம் பிரிவின்கீழ் பாதுகாப்பு ஆணையையும் சேர்த்துக் கோருவது அவசியம். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 31ஆம் பிரிவு வழிசெய்கிறது.

சாதி இழிசொல்லையும் மனுவில் பதிவு செய்ய வேண்டும். பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதையே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அப்பிரிவு தண்டிக்கிறது. வெளியார் எவருமில்லாத நான்கு சுவர்களுக்குள் பேசப்பட்டது அதில் அடங்காதென 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, சொல்லாலும் மனத்தாலும் இழைக்கப்படும் கொடுமையை வன்முறையாகவே வரையறுக்கிறது. அதற்குப் பொதுப்பார்வை என்ற நிபந்தனை இல்லை.

மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ மனு அளிக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். உடனடி உதவிக்கு 181 என்ற எண் உள்ளது. உயிருக்கு ஆபத்திருந்தால் அவள் தற்காலிகமாக வெளியேறலாம். அதனால் வீட்டில் வசிக்கும் உரிமை போய்விடாது. உதவிக்குச் செல்வோர் இதை அவளிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.