கடிகை முதல் கிண்டி வரை

நம் காஞ்சி மாநகர் பட்டுக்கும் கோயிலுக்கும் மட்டுமன்றிக் கல்விக்கும் பெயர் பெற்றது. பல்லவர் காலத்தில் இங்குக் கடிகை என்னும் உயர்கல்வி நிலையம் இருந்தது. மயூரசர்மன் என்பான் ஆசானுடன் இங்குக் கற்க வந்து, பல்லவக் குதிரைவீரனோடு பூசல் நேர, ஓலையை விடுத்து வாளேந்திக் கடம்ப அரசை நிறுவிய வரலாற்றைக் கருநாடகத்துத் தாளகுந்தாக் கல்வெட்டு கூறுகின்றது. எட்டாம் நூற்றாண்டில் அரசுரிமைக்கு வழித்தோன்றல் இல்லாதபோது, இரண்டாம் நந்திவர்மனை அழைத்துவரச் சென்றோருள் கடிகையாரும் இருந்தனர். வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரெழுத்துகள் இதற்குச் சான்று. கற்றோர் குழுவிற்கு அரசியலிலேயே சொல்லுரிமை இருந்தது. ஆயினும் அது வேதம் ஓதுவோர்க்குரிய இடம். நம் முன்னோர்க்கு அதன் வாயில் திறந்ததில்லை. காஞ்சியின் பெருமை பேசுவோர் இதனையும் சேர்த்தே பேசவேண்டும்.

இன்று நம் பிள்ளைகள் வாயிலைக் கடந்து உள்ளே சென்றுள்ளனர். உள்ளே சென்றபின் பேசலாமா என்பதே அடுத்த வினா. சென்னைக் கிண்டியிலுள்ள ஐ.ஐ.டி.யில் 2014 ஏப்ரல் 14 அன்று, அண்ணலின் பிறந்தநாளில், அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் தொடங்கப்பெற்றது. அப்பெயரே பிளவை உண்டாக்கும் என நிருவாகம் மறுப்புக் கூறியதாக மாணவர்கள் பின்னர்த் தெரிவித்தனர். (இவ்விரு பெயர்களும் யாரைப் பிளந்தன என்று நாம் கேட்கலாம்.) நடுவணரசின் கொள்கைகளைக் குறைகூறித் துண்டறிக்கை வெளியிட்டனர் என்று கையொப்பமற்ற கடிதமொன்று அமைச்சகத்திற்குச் சென்றது. அமைச்சகம் அதனை நிறுவனத்திற்கு அனுப்பி விளக்கம் கேட்டது. 2015 மே மாதத்தில் வட்டத்தின் ஏற்பு நீக்கப்பட்டது. நிறுவனத்தின் பெயரை விதிக்கு மாறாகப் பயன்படுத்தினர் என்பது நிருவாகம் கூறிய காரணம். தம்மை அழைத்துக் கேட்கவேயில்லை என்றனர் மாணவர். பல ஊர்களில் கிளர்ச்சி எழுந்தது. ஜூன் 7 அன்று ஏற்பு மீண்டும் வழங்கப்பட்டது.

தனியார் கல்லூரி ஆசிரியர்களும் ஒருகாலத்தில் இந்நிலையிலேயே இருந்தனர். செயலரின் மனம் கோணினால் வேலை போய்விடும். 1976ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் முறைப்படுத்தும் சட்டம் வந்தபின், உரிய அதிகாரியின் முன்னிசைவின்றி ஆசிரியரைப் பணிநீக்கம் செய்தல் இயலாது என்றாயிற்று. ஆட்சிக்குழு மாறலாம், அதன் கொள்கையும் மாறலாம், இச்சட்டத்தை அக்குழு மாற்ற முடியாது.

ஆகவே கல்லூரி செல்லும் நம் சங்கத்து இளைஞர்க்கு ஒன்று கூறுவோம். சேர்ந்த முதல் வாரத்திலேயே மாணவர் மன்றங்களுக்கான விதிகளை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கூட்டத்திற்கு இசைவு கேட்கும் கடிதத்திற்குப் படி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக முத்திரையுடன், தேதியுடன்.