அண்ணாமலை: வலம்வருதலின் பொருள்

சைவ மரபில் மலைகள் பெரும்பாலும் இறைவன் உறையும் இடங்களாகப் போற்றப்படுகின்றன. திருவண்ணாமலையிலோ மலையே இலிங்கமாக வழிபடப்படுகிறது. பஞ்சபூதத் தலங்களுள் நெருப்புக்குரிய இத்தலத்தை 7ஆம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடியுள்ளனர்.

மலையே இறைவன் என்பதால் இங்கு ஏறுதலினும் வலம்வருதலே சிறப்புடையது. கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். புறப்பட்ட இடத்திற்கே மீளும் இவ்வழிபாட்டில் சென்றடைய வேண்டிய கருவறை வேறில்லை. வழிநெடுகிலும் இறைவன் அடியவரின் வலப்புறத்தே நிற்கின்றான். 1896இல் இங்கு வந்த இரமண மகரிஷி, 1950இல் மறையும்வரை இம்மலையை நீங்காதிருந்ததும் இக்கருத்தையே உணர்த்துகிறது.

2024 டிசம்பரில் பெருமழையால் இம்மலையடிவாரத்தில் நேர்ந்த மண்சரிவில் எழுவர் உயிரிழந்தனர். மலையே இறைத்திருமேனி எனின், அதன் மண்ணையும் மரங்களையும் காத்தல் சூழலியற் கடமை மட்டுமன்று. வழிபாட்டின் ஒரு பகுதியுமாகும்.