கிறீஸ் படிந்த கைகள்

1948ஆம் ஆண்டு லண்டன் மோட்டார்க் கண்காட்சியில் மொறிஸ் மைனர் அறிமுகமாயிற்று. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அதன் முன்சக்கரங்களைத் தாங்கித் திருப்பும் தண்டின் முனைகளில் பந்துமூட்டு இல்லை. மரைவெட்டிய இணைப்புகளே உண்டு. காலந்தவறாது கிறீஸ் செலுத்தாவிடின் மரை தேயும். முற்றாகத் தேய்ந்தால் ஓட்டத்திலேயே சக்கரம் மடிந்து வண்டி சரியும்.

இச்சிறு உண்மை நமது சரித்திரத்தோடும் பிணைந்தது. இடதுசாரிகளும் பங்குகொண்ட 1970ஆம் ஆண்டு அரசின் இறக்குமதிக் கட்டுப்பாடும், 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது விழுந்த பொருளாதாரத் தடையும் புதிய உதிரிப்பாகங்களை அரிதாக்கின. பெற்றோலற்ற அந்நாட்களில் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. வீட்டு முற்றத்திலே வண்டியை உயர்த்திக் கட்டையில் நிறுத்தி, தேய்ந்ததைக் கழற்றி, கிடைத்ததைப் பொருத்தினர் தொழிலாளர். நோயாளியும் கர்ப்பிணியும் அக்கைவேலையை நம்பியே வைத்தியசாலை சென்றனர்.

இதனை இனத்தின் தனித்திறமை எனப் பாடிப் பெருமைகொள்வது எளிது. ஆனால் அது இல்லாமையும் போரும் சுமத்திய கட்டாயம். அத்திறமையைப் போற்றுவோம், அக்கட்டாயத்தைப் போற்றலாகாது. தடை விதித்தோரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. வண்டியின் கீழே மல்லாந்து கிடந்தவனின் பெயரை எந்த ஏட்டில் தேடுவது? அதை எழுதுவது, சரித்திரம் கற்பிக்கும் நமது கடமையன்றோ?