ஓசூர் எல்லைக்கு அந்தப் பக்கம்: ஒரு மெட்டல் குழுவின் தடம் மாறிய கதை

பெங்களூரு மெட்டல் குழுவான கிரிப்டாஸின் ‘தி காயில்ஸ் ஆஃப் அப்போலியன்’ 2012இல் வந்தது. அடுத்த ஆல்பமான ‘பர்ன் அப் தி இமேஜ்’ 2016இல். இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டால் ஒரே குழுவா என்று ஒரு கணம் சந்தேகம் வரும். முதலாவதில் கிட்டார்கள் சிக்கலும் சிடுக்குமாகப் பின்னிக்கொண்டு போகும். ஒரு தாளத்தில் காது பழகுவதற்குள் இன்னொன்று வந்து மோதும். இரண்டாவதில் அந்தப் பின்னல் பெரும்பாலும் அவிழ்ந்துவிட்டது. தாளம் நேரானது. மெட்டு முன்னுக்கு வந்தது. இரண்டு கிட்டார்கள் கைகோத்துக்கொண்டு ஒரே மெட்டை இரு ஸ்வரங்களில் பாடின. மாறாமல் நின்றது நோலன் லூயிஸின் கரகரத்த குரல் ஒன்றுதான்.

ஒரு குழு தன் ஓசையை மாற்றிக்கொள்வது மெட்டல் உலகில் சாதாரண சமாச்சாரம் அல்ல. சினிமாப் பாட்டு கேட்கிறவருக்கு இசையமைப்பாளர் படத்துக்குப் படம் மாறாவிட்டால்தான் அலுப்பு. மெட்டல் ரசிகரோ ஆல்பத்தைக் கட்சி அட்டை மாதிரி வைத்திருப்பவர். மாறினால் துரோகம் என்பார். கிரிப்டாஸ் மாறியதை மட்டும் அப்படிப் பேசிவிட முடியாது. ஏன் என்று பார்க்க அந்தக் குழு வளர்ந்த மண்ணைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்த மண்ணின் ஓரம் தமிழ்நாட்டில் இருக்கிறது.

அந்த ஓரத்து ஊரான கெலமங்கலத்தில் பஸ் ஏறி வடக்கே போனால் ஓசூர். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தால் கர்நாடகம். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், பெங்களூருக்குப் போனால் கன்னடம் என்று ஒரே நாளில் மூன்று மொழி பேசுகிறவர்களின் வட்டாரம் இது. மைசூர் நாட்டுக்குப் போகிற பாதை என்பது இதற்குப் பழைய அடையாளம். 1799 மார்ச்சில் திப்பு சுல்தான் மீது படையெடுத்த ஜெனரல் ஹாரிஸின் சேனையும் கெலமங்கலம் வழியாகத்தான் ஸ்ரீரங்கப்பட்டணம் நோக்கிப் போனது. இந்த வட்டாரத்து இளைஞன் ஒருவன் மேடையில் கிட்டார் அலறக் கேட்க வேண்டுமென்றால் சென்னை எங்கோ இருக்கிறது. பெங்களூரு நாற்பது, அறுபது கிலோமீட்டர்தான்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஓசூர் ஆலைகளின் ஊர். சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளியே உருண்டது, அசோக் லேலண்ட் லாரிகள் வந்தன, டைட்டன் கைக்கடிகாரங்கள் வந்தன. இப்போது கெலமங்கலம் பக்கத்துக் கிராமங்கள்வரை டாடா எலக்ட்ரானிக்ஸ் நீண்டு, ஐபோனின் மேலுறையைச் செய்துகொண்டிருக்கிறது. ஹெவி மெட்டலும் இப்படிப்பட்ட ஓர் ஊரில்தான் பிறந்தது: இங்கிலாந்தின் பர்மிங்ஹாம்.

அந்தப் பிறப்பு ஓர் ஆலை விபத்திலிருந்து தொடங்குகிறது. பின்னாளில் பிளாக் சபாத் குழுவின் கிட்டார்க்காரரான டோனி அயோமிக்கு 1965இல் வயது 17. தகடு வெட்டும் ஆலையில் வேலை. அன்றைக்குத்தான் கடைசி நாள், மறுநாளிலிருந்து முழுநேர கிட்டார்க்காரர் ஆவதாகத் திட்டம். பழக்கமில்லாத ஓர் இயந்திரத்தில் உட்கார வைத்தார்கள். வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர், தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். ஆலை மேலாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்தபின் அவற்றை ஒதுக்கிவிட்டே ஜாஸ் கிட்டாரில் பெயர் வாங்கிய கலைஞர் ஜாங்கோ. அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி மாதிரி வார்த்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். தந்தி முறுக்காக இருந்தால் வலித்தது. மெல்லிய தந்திகளைக் கட்டினார். 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தில் பல பாடல்களுக்கு ஸ்ருதியையே ஒன்றரைக் கட்டை இறக்கினார். பிளாக் சபாத்தின் அந்தக் கனத்த ஓசைக்கு வலியும் ஒரு காரணம். மெட்டலில் ‘அசல் ஓசை’ என்று எதையாவது பூஜை செய்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. அசலே ஒரு சமாளிப்புதான்.

பெங்களூருக்கு இந்த ஓசை கேசட்டாக வந்தது. ஒருவர் வாங்கியதைப் பத்துப் பேர் பிரதி எடுத்துக் கேட்ட காலம். 1980களின் கடைசியில் வெர்னன் இப்ராஹிமைப் பாடகராகக் கொண்டு மில்லேனியம் என்ற குழு கிளம்பியது. நாட்டின் ஆரம்பகால மெட்டல் குழுக்களில் அது ஒன்று. கல்லூரி விழாக்கள்தான் அன்றைய பெரிய மேடை. அங்கே கூட்டம் கேட்பது அயர்ன் மெய்டன் பாட்டு, மெட்டாலிகா பாட்டு. சொந்தப் பாட்டு எடுத்தால் டீ குடிக்கப் போய்விடுவார்கள். பிறருடைய பாட்டை அச்சு அசலாக வாசிப்பதே திறமையின் அளவுகோல். 1996 ஆகஸ்ட் 15இல் பெங்களூரில் தொடங்கிய ஃப்ரீடம் ஜாம் என்ற இலவச இசைவிழா போன்றவை சொந்தப் பாட்டுக்கு மெல்ல இடம் உண்டாக்கின.

1998இல் நோலன் லூயிஸும் கணேஷ் கிருஷ்ணசாமியும் கிரிப்டாஸைத் தொடங்கினார்கள். முதல் ஆல்பம் ‘ஸ்பைரல் அசென்ட்’ வர 2004 ஆனது. ஆறு வருஷம்! மெட்டல் தெரிந்த ஒலிப்பதிவுக்காரர் அரிது, வெளியிட நிறுவனம் இல்லை, வாங்க ஆள் குறைவு. 2008இல் ‘தி ஆர்க் ஆஃப் ஜெமினி’. இந்த இரண்டிலும் ஒரு துடிப்பு தெரிகிறது: வெளியுலகுக்கு எங்களாலும் முடியும் என்று காட்டிவிட வேண்டும் என்ற துடிப்பு. த்ராஷ் மெட்டலின் வேகம் உண்டு, டெத் மெட்டலின் இருட்டு உண்டு, சிக்கலான கட்டமைப்பு உண்டு. தேர்வு எழுதுகிறவன் தெரிந்ததையெல்லாம் விடைத்தாளில் கொட்டுவான் இல்லையா, அந்த மாதிரி.

நடுவில் ஊரும் மாறியது. 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தது. அந்த அளவுக்குப் பெரிய மெட்டல் குழு இந்திய மேடை ஏறியது அதுவே முதல்முறை. மறுவருஷம் மெகாடெத். 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகா. அதற்கு இரண்டு நாள் முன்பு டெல்லியை ஒட்டிய குர்கானில் நடக்க வேண்டிய மெட்டாலிகா கச்சேரி நின்றுபோய், ஆத்திரப்பட்ட கூட்டம் மேடையை உடைத்த கதையும் உண்டு. பெங்களூரில் கச்சேரி ஒழுங்காக நடந்தது. கிரிப்டாஸ் எதிர்த்திசையில் போனது. 2010இல் ஐரோப்பாவைச் சுற்றி வந்தது. அப்படிப் போன முதல் இந்திய மெட்டல் குழு என்ற பெயர் அதற்கு. 2012 ஆல்பத்தை ஜெர்மனியின் ஏஎஃப்எம் நிறுவனம் வெளியிட்டது. 2013இல் வாக்கன் விழாவில் மேடையேறியது. வாக்கன், வட ஜெர்மனியில் இரண்டாயிரம் பேர் வாழும் கிராமம். கெலமங்கலத்தைவிடப் பல மடங்கு சின்னது. வருஷத்துக்கு ஒருமுறை அங்கே எண்பதாயிரம் பேர் மெட்டல் கேட்கக் கூடுகிறார்கள்.

தேர்வில் தேறியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஓசை மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய குழுக்கள் மாறிய கதை வேறு. 1986இல் ஜூடாஸ் பிரீஸ்ட் ‘டர்போ’விலும், அயர்ன் மெய்டன் ‘சம்வேர் இன் டைம்’இலும் கிட்டார் சின்தசைசரைக் கொண்டுவந்தன, இரண்டும் ஒரே வருஷம். 1996இல் மெட்டாலிகா முடியை வெட்டி, வேகத்தைக் குறைத்து ‘லோட்’ கொண்டுவந்தபோது “விலைபோய்விட்டார்கள்” என்ற கூச்சல் எழுந்தது. கூச்சலுக்கு நடுவே அது லட்சக்கணக்கில் விற்றது. சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் 2009இல் ஸ்வீடனின் ஓபெத் வாசித்தபோது, மிகேல் ஓகர்ஃபெல்ட்டின் அடிவயிற்று உறுமல் அந்தக் குழுவின் முத்திரை. இரண்டே வருஷத்தில், 2011இன் ‘ஹெரிட்டேஜ்’ ஆல்பத்தில், அந்த உறுமலை அடியோடு விட்டுவிட்டு எழுபதுகளின் பாணிக்குப் போய்விட்டார்கள். 2024இல்தான் அந்த உறுமல் திரும்பி வந்தது.

சிங்கப்பூர்த் தமிழர்களின் ருத்ரா இன்னொரு வகை. 1992இல் தொடங்கிய குழு. பாடகரும் பாஸ் கிட்டார் கலைஞருமானவர் கதிர். 1998இல் வந்த முதல் ஆல்பம் டெத் மெட்டல். அடுத்தடுத்து சமஸ்கிருதச் சுலோகமும் இந்திய ஸ்வர வரிசைகளும் ஏறிக்கொண்டே வந்து, 2005இன் ‘பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ’ முழுக்க உபநிஷத விசாரமாக நின்றது. வேத மெட்டல் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்றைத் தேடி உள்ளே போன மாற்றம் அது.

கிரிப்டாஸ் இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. வீணையோ மிருதங்கமோ சேர்த்து ‘இந்திய மெட்டல்’ என்று முத்திரை குத்திக்கொண்டிருக்கலாம். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரருக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும். செய்யவில்லை. சந்தைக்காக மாறினார்கள் என்றும் சொல்ல முடியாது. மெட்டல் வாசித்துக் குடும்பம் நடத்தும் ஊர் இல்லை பெங்களூரு, விலைபோவதற்கு முதலில் வாங்குகிறவன் வேண்டுமே. அவர்கள் திரும்பியது கேசட்டில் கேட்டு வளர்ந்த எண்பதுகளுக்கு. ‘ஃபுல் திராட்டில்’ என்று 2016 ஆல்பத்தில் ஒரு பாட்டு. 2019இன் ‘ஆஃப்டர்பர்னர்’ ஆல்பத்தில் ‘மாக் ஸ்பீட் ரன்னிங்’. 2021இன் ‘ஃபோர்ஸ் ஆஃப் டேஞ்சர்’ ஆல்பத்தில் ‘ஹாட் வயர்ட்’. பெயர்களைப் பார்த்தாலே தெரியும்: 2012 ஆல்பத்தின் அனுபிஸ், அப்போலியன் என்ற புராண இருட்டு விலகி, எஞ்சினும் வேகமும் பெட்ரோல் வாசனையும் வந்துவிட்டன. மொபெட்டும் லாரியும் செய்கிற ஊருக்குப் பக்கத்துக் குழுவுக்கு இது பொருந்தாமல் இல்லை, அவர்கள் அதை நினைத்தே எழுதவில்லை என்றாலும்.

இதில் இழப்பும் உண்டு. 2012 ஆல்பத்தில், அடுத்து என்ன வரும் என்று தெரியாத ஒரு பதற்றம் இருந்தது. புதிய ஆல்பங்களில் அடுத்த திருப்பம் பல இடங்களில் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ‘ஆஃப்டர்பர்னர்’ கேட்கும்போது எண்பதுகளின் ஜெர்மன், ஆங்கிலக் குழுக்களின் நினைவு வராமல் இருக்காது. ஆனாலும் மெட்டு மனதில் நிற்கிறது. முதல் இரண்டு ஆல்பங்களிலிருந்து ஒரு கிட்டார் வரியை முணுமுணுக்கச் சொன்னால் திணற வேண்டும். 2016க்குப் பிந்தையவற்றில் அந்தத் திண்டாட்டம் இல்லை. மாற்றம் குழுவுக்கு நல்லதையே செய்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் தீர்ப்பு.

கிரிப்டாஸின் ‘டெசிமேட்டர்’ 2024 ஜூலையில் வந்தது, அதே ஏஎஃப்எம் வெளியீடாக, அதே நேர்வழி ஓசையில். புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் அதிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் 2012, உடனே 2016, பிறகு 2024 என்று வரிசையாகக் கேளுங்கள். மூன்றையும் கேட்டு முடிக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போதும். கெலமங்கலத்திலிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு, எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசலும் சேர்ந்தால், அந்த நேரம் தாராளமாகவே கிடைக்கும்.